மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம்: எதற்கு நம்பிப் போகலாம், எதற்குப் போகக்கூடாது

சென்னை மாநகராட்சி, தொண்டு நிறுவனங்களின் கையில் கொடுத்து நடத்தும் வீடற்றோர் காப்பகங்களைப் பற்றிப் பொதுவாக இரண்டு விதமான பேச்சுதான் காதில் விழும். "அதெல்லாம் இருக்கா என்ன?" என்பது ஒன்று. "அங்க யாரு போவா?" என்பது இன்னொன்று. இருக்கின்றன, போகலாம். கட்டணம் கிடையாது. ஒரு இரவுத் தங்கலுக்கு இந்தச் சேவை பரவாயில்லை ரகம். ஆனால் கையில் ஒரு காகிதமும் இல்லாமல் தெருவில் நிற்பவருக்கு அது தரும் பெரிய பொருள் வேறு: எழுதிக்கொடுக்க ஒரு முகவரி. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவருக்கு நல்ல சேவை. தெரியாதவருக்கு ஒரு பாயும் மின்விசிறியும் மட்டுமே மிஞ்சும். குடும்பமாக வருபவர்களுக்கு இது இன்றும் பெரும்பாலும் பயன்படாத சேவை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பின்னணி சுருக்கமாக. 2010-ல் டெல்லிக் குளிரில் வீடற்றோர் இறந்ததை ஒட்டி, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் பெருநகரங்களுக்கு ஒரு கணக்குச் சொன்னது: ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் ஒரு காப்பகம். 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதே கணக்கைத் தன் வழிகாட்டுதலில் எடுத்துக்கொண்டது. ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. 'இரவு நேரக் காப்பகம்' என்ற பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால், காலை ஆறு மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். விதிப்படி அப்படி அனுப்பக்கூடாது. இரவெல்லாம் லோடு இறக்கிவிட்டுப் பகலில் தூங்குபவருக்கு இந்த ஒரு வரிதான் முக்கியம். சேரும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும்.

ஒருவரை அழைத்துப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியது, எல்லாக் காப்பகமும் எல்லோருக்கும் அல்ல என்பது. ஆண்கள், பெண்கள், சிறுவர், சிறுமியர், முதியோர், மாற்றுத்திறனாளிகள், மனநலம் பாதிக்கப்பட்டோர் என்று தனித்தனியாக இருக்கின்றன. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளிகளின் உடனிருப்போருக்கென்றே சில. ஆட்டோ வைத்து ஒரு பாட்டியை ஆண்கள் காப்பக வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாட்டி அன்றிரவு வாசலிலேயே படுப்பார். மாநகராட்சியின் 1913 எண்ணில் கூப்பிட்டு, ஆணா பெண்ணா, வயது, நடக்க முடியுமா, காயம் இருக்கிறதா, இந்த நான்கையும் சொல்லி, எந்தக் காப்பகத்தில் இடமிருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சீழ் வைத்த புண், காய்ச்சல், சிறுநீர்க் குழாய் இருந்தால் முதலில் 108, காப்பகம் பிறகு. மருத்துவப் பராமரிப்புக்கு அங்கே ஆள் இல்லை, முதலுதவிப் பெட்டிதான் உண்டு. 18 வயதுக்கு உட்பட்ட குழந்தை தனியாக இருந்தால் 1098. தனித்து விடப்பட்ட முதியவர் என்றால் 14567.

கட்டாயப்படுத்தி ஏற்றுவது வேலைக்கு ஆகாது. மூட்டை முடிச்சு, வளர்க்கும் நாய், அதிகாலை நாலு மணிக்கு மார்க்கெட்டில் கிடைக்கும் கூலி, இந்த மூன்றில் ஒன்றை விட்டு வரச் சொன்னால் எவரும் வரமாட்டார். வந்தாலும் மறுநாள் பழைய இடத்தில்தான் இருப்பார். தமிழ்நாட்டில் பிச்சை எடுப்பதைத் தடுக்கும் 1945-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருப்பதால், 'பிடித்துக்கொண்டு போகிறார்கள்' என்ற பயம் வயதானவர்களிடம் ஆழமாக உண்டு. வண்டியைப் பார்த்தாலே எழுந்து ஓடுவதற்குக் காரணம் அதுதான். இரவு ஒன்பது பத்து மணிக்கு, படுக்க இடம் பிடித்த பிறகு, உட்கார்ந்து பேசினால் கொஞ்சம் காது கொடுப்பார்கள். "ஒரு ராத்திரி வந்து பாருங்க, பிடிக்கலைன்னா காலைல வந்துடலாம்" என்பதுதான் சரியான அழைப்பு. பொய்யும் இல்லை. காப்பகத்தில் யாரையும் பூட்டி வைக்க அதிகாரம் கிடையாது.

கட்டடத்தைப் பார்ப்பது எப்படி? வழிகாட்டுதல் ஒருவருக்கு 50 சதுர அடி என்கிறது. 50 பேர் என்றால் 2,500 சதுர அடி. பதிவேட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, கூடத்தை நீளம் அகலமாக எட்டு வைத்து அளந்தாலே உண்மை தெரிந்துவிடும். ஒரு பாய் விரிக்க 15 சதுர அடி போதும் என்பதால் 750 சதுர அடியில் 50 பேரைப் படுக்க வைக்க முடியும். முடியும் என்பது வேறு, இருமல்காரர் ஒருவர் நடுவில் இருந்தால் என்ன ஆகும் என்பது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறவரைச் சேர்த்த வாரமே காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்கு அனுப்பும் பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு காப்பகம் ஒழுங்காக நடக்கிறதா என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை.

அடுத்து லாக்கர். வழிகாட்டுதல் பட்டியலில் சமையலறை, எரிவாயு இணைப்பு, தீத்தடுப்பு, கொசு ஒழிப்பு ஆகியவற்றோடு தனிநபர் லாக்கரும் இருக்கிறது. நடைமுறையில் முதலில் விட்டுப்போவது இதுதான். பூட்டுகிற பெட்டி இல்லாத இடத்தில் பணம் சேராது. கூலியை அன்றன்றே செலவழித்துவிடுவார்கள், அல்லது யாரிடமாவது கொடுத்து வைத்து இழப்பார்கள். அதனால் லாக்கரை வசதிப் பட்டியலில் வைக்காமல் சேமிப்புக் கணக்காகவே பார்க்க வேண்டும். செல்போன் சார்ஜ் போடும் இடம் லாக்கருக்குள்ளேயே இருந்தால் பாதித் திருட்டுச் சண்டை நின்றுவிடும். பொதுக் கூடத்தில் வரிசையாக எட்டு பிளக் பாயிண்ட் வைத்துவிட்டு, "போன் காணோம்" என்ற புகாருக்குக் கேமரா மாட்டுவது தலைகீழ் வேலை.

மூட்டைப்பூச்சியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காப்பகத்தை விட்டுப் பிளாட்பாரத்துக்கே திரும்புகிறவர்கள் சொல்லும் காரணங்களில் இது முக்கியமானது. போர்வையை மட்டும் துவைத்துப் பயனில்லை. பூச்சி குடியிருப்பது கட்டிலின் மூலை இணைப்பிலும் சுவர் விரிசலிலும் ஆளோடு வரும் துணி மூட்டையிலும். மருந்தடிப்பது கூட்டத்தைக் கலைத்துப் பக்கத்து அறைக்கு அனுப்பத்தான் பெரும்பாலும் உதவுகிறது. வழக்கமான பைரெத்ராய்டு மருந்துகளுக்குப் பூச்சி பழகியும் விட்டது. வேலை செய்வது சூடு: 60 டிகிரி வெந்நீரில் துணியை ஊறவைத்துத் துவைப்பது, இரும்புக் கட்டிலின் இணைப்புகளில் கொதிநீர் ஊற்றுவது, முட்டை பொரிந்து வரும் அடுத்த கூட்டத்துக்காக இரண்டு வாரத்தில் மறுபடி அதையே செய்வது. சேரும் அன்றே மூட்டையிலுள்ள துணி முழுவதையும் வெந்நீரில் போட்டு, மாற்றுத்துணி கொடுப்பதுதான் தடுப்பு. துணியை வாங்கும்போது "திரும்பத் தருவோம்" என்று சொல்லி, கண்ணெதிரே பெயர் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கொடுக்க மாட்டார்கள், கொடுக்காததும் நியாயமே.

இனி, வெளியே தெரியாத குறை. வழிகாட்டுதல்படி ஒரு காப்பகத்துக்கு ஒரு மேலாளர், எட்டு மணி நேரத்துக்கு ஒருவராக மூன்று காப்பாளர்கள். காகிதத்தில் 24 மணி நேரமும் நிரம்பிவிட்டது. ஆனால் வாரத்துக்கு 21 ஷிஃப்ட். மூன்று பேரும் ஆறு நாள் வேலை பார்த்தால் 18. மூன்று ஷிஃப்டுக்கு ஆள் இல்லை. அந்த மூன்றை யாரோ ஒருவர் 16 மணி நேரம் நின்று ஈடுகட்டுகிறார், அல்லது மேலாளர் இரவில் உட்கார்ந்து பகலில் காணாமல் போகிறார். மேலாளர் பகலில் இல்லாத நாளில்தான் ஆதார் மையத்துக்கும் வங்கிக்கும் அழைத்துப் போக ஆள் இல்லாமல் போகிறது. பணக் கணக்கும் இதே கதைதான். 2013 வழிகாட்டுதல் 50 பேர் காப்பகத்துக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் நடத்தும் செலவு என்றது. ஒருவருக்கு மாதம் 1,000. நான்கு பணியாளருக்கு மாதம் பத்தாயிரம் என்று குறைவாகவே வைத்தாலும் 4.8 லட்சம் சம்பளத்துக்குப் போகும். மீதி 1.2 லட்சத்தில் மின்சாரம், சோப்பு, பினாயில், பழுது, எரிவாயு எல்லாம் பார்க்க வேண்டும். அந்தத் தவணையும் தாமதமானால் சம்பளம் நிற்கும். சம்பளம் நின்றால் காப்பாளர் மாறுவார். காப்பாளர் மாறினால் யாருக்கு எந்த மாத்திரை, யார் குடித்துவிட்டு வந்தால் எப்படிப் பேச வேண்டும் என்ற அறிவு முழுவதும் அவரோடு போய்விடும். கழிவறை நாறுகிறது என்று புகார் எழுதுகிறவர்கள் அதற்கு மேலே இந்தக் கணக்கையும் ஒரு வரி எழுதலாம்.

சாப்பாடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. முதியோர், மனநலக் காப்பகங்களில் உள்ளேயே சமைக்கிறார்கள். வேலைக்குப் போகும் ஆண்கள் தங்கும் இடங்களில் அவரவர் பாடு. பக்கத்தில் அம்மா உணவகம் இருந்தால் ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் பெரும் உதவி. கல்யாணக் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாடு பிரச்சினையே இல்லை, கதவு நேரம்தான் பிரச்சினை. பந்தி முடித்துப் பாத்திரம் கழுவி வர நள்ளிரவு ஒரு மணி ஆகும். பத்து மணிக்குக் கதவு அடைக்கும் காப்பகம் அவர்களுக்குக் காப்பகமே அல்ல. வேலை நேரத்தை முன்கூட்டிச் சொல்லி, பதிவேட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

சேவையின் உயிர்நாடி காகித வேலை. வீடில்லாதவருக்கு முதல் காகிதம் கிடைப்பதுதான் கடினம்; அது கிடைத்துவிட்டால் மற்றவை ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர், ஆதார் ஆணையத்தின் நிலையான படிவத்தில் புகைப்படம் ஒட்டிச் சான்று கொடுத்தால், அது முகவரிச் சான்றாக ஏற்கப்படும். அந்தச் சான்று மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். புகைப்படத்திலும் படிவத்திலும் பாதிப் பாதி விழும்படி முத்திரை குத்தாதது, எழுதியதை வெள்ளை மை வைத்துத் திருத்தியது, கட்டங்களில் ஒன்றைக் காலியாக விட்டது, இந்த மூன்றில் ஒன்றுக்காகத்தான் பெரும்பாலும் மையத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டு வந்தவரை இதற்காகத் திருப்பி அனுப்பினால் இரண்டாம் முறை அவர் வரமாட்டார். ஆகவே படிவத்தைக் காப்பகத்திலேயே இருவர் சரிபார்க்க வேண்டும்.

"எனக்கு ஆதார் இல்லை" என்பவர்களில் கணிசமானவர்களுக்கு ஏற்கெனவே எங்கோ எடுத்திருப்பார்கள். தொலைந்திருக்கும், அல்லது முதலாளியிடமோ உறவினரிடமோ சிக்கியிருக்கும். புதிதாக எடுத்தால் விரல்ரேகை பழைய பதிவோடு மோதி, விண்ணப்பம் வாரக்கணக்கில் கிடந்து நிராகரிக்கப்படும். முதலில் 1947-க்குக் கூப்பிட்டுப் பெயர், பிறந்த ஆண்டு, பழைய ஊர் சொல்லித் தேடிப் பார்ப்பதே முறை. சிமெண்ட், உப்பு, பாத்திரம் தேய்க்கும் வேலையில் விரல்ரேகை தேய்ந்துபோனவர்களுக்குக் கருவிழிப் பதிவைக் கேளுங்கள். இன்னொன்று, செல்போன் எண். சொந்த எண் இல்லை என்று காப்பாளரின் எண்ணைக் கொடுத்துவிட்டால், பிறகு ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். அவர் வேலையை விட்டுப் போனால் அந்த ஆதார் பாதிச் செத்த மாதிரி. மலிவான ஒரு போனும் தங்குபவர் பெயரிலேயே ஒரு சிம்மும் வாங்கித் தருவது போர்வை தானத்தைவிட உபயோகம். 90 நாள் பயன்படுத்தாத சிம் துண்டிக்கப்படலாம் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

வங்கிக் கணக்குக்கு ஆதார் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உரிய ஆவணம் இல்லாதவர்களுக்கு வங்கியில் 'சிறு கணக்கு' உண்டு: புகைப்படமும் கையெழுத்து அல்லது கைநாட்டும் போதும். இருப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, மாதம் 10,000-க்கு மேல் எடுக்க முடியாது, முதலில் 12 மாதம் செல்லும். கிளையில் முன்வரிசையில் இருப்பவர்கள் "அப்படி ஒன்று இல்லை" என்றால் மேலாளரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள், இருக்கிறது. காசநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை, 60 தாண்டிய ஆதரவற்றவருக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை, இரண்டுக்கும் கணக்கு வேண்டும். முதியோர் உதவித்தொகையில் தகராறு வயதில்தான் வரும். ஆதார் எடுக்கும்போது "ஒரு ஐம்பது இருக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டால், உண்மையில் 65 ஆனவர் பத்து வருடம் காத்திருக்க நேரும்.

வாக்காளர் அட்டைக்கு முகவரிச் சான்றே தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. தேர்தல் ஆணைய விதிப்படி படிவம் 6-ல் படுக்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே வந்து, ஒரு இரவுக்கு மேல் அவர் அங்கே படுக்கிறாரா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஆகவே காப்பகத்துக்கு வர விரும்பாதவருக்கும் இது வழி. ரேஷன் அட்டைதான் முட்டுக்கட்டை. தனியாகச் சமைத்துத் தனியாக வசிக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு நிபந்தனை. பொதுச் சமையலறையில் சாப்பிடுபவரால் அதைக் காட்ட முடியாது. காப்பீட்டு அட்டை முதலான பலவும் குடும்ப அட்டையையே கேட்பதால், காப்பகம் தரும் முகவரி இந்த இடத்தில் முட்டி நின்றுவிடுகிறது. இது காப்பகத்தின் தவறில்லை, விதியின் ஓட்டை.

மனநலம் பாதிக்கப்பட்டுத் தெருவில் திரிபவரை நேரே சாதாரணக் காப்பகத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு அந்தப் பொறுப்பைக் காவல் நிலையத்துக்குக் கொடுத்திருக்கிறது: 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்கு மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும், லாக்கப்பில் வைக்கக்கூடாது. சென்னைக் காவல்துறையின் 'காவல் கரங்கள்' பிரிவு 2021 முதல் இந்த வேலையைச் செய்கிறது. பிரிவு எண்ணைச் சொல்லிப் பேசினால் நிலையத்தில் பேச்சு சீக்கிரம் முடியும்.

குடும்பங்கள் விஷயத்துக்கு வருவோம். பாரிமுனை, வால்டாக்ஸ் சாலை பக்கம் தலைமுறையாகப் பிளாட்பாரத்திலேயே வாழும் குடும்பங்களுக்கு இந்தக் காப்பகங்கள் சொல்லும் வழி: அப்பா ஒரு இடம், அம்மா ஒரு இடம், வளர்ந்த பையன் மூன்றாவது இடம். எந்தத் தாயும் இதற்கு ஒப்பமாட்டாள். அடுப்பு, பள்ளிக்கூடம், கடைக்காரரிடம் உள்ள கடன் கணக்கு எல்லாம் அந்த நடைபாதையைச் சுற்றியே இருக்கின்றன. பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளுக்குப் போனவர்களில் பலர் திரும்பி வருவதற்கும் பிழைப்பு இங்கே, வீடு அங்கே என்ற தூரம்தான் காரணம். குடும்பத்தோடு தங்கும் தடுப்பறைகள் கொண்ட காப்பகம் வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வேண்டும். அது வரும்வரை குடும்பங்களைக் காப்பகத்துக்குப் போகச் சொல்லி வற்புறுத்துவதில் பொருளில்லை. வடகிழக்குப் பருவமழை நாட்களில் தற்காலிக முகாமுக்குப் போகச் சொல்லலாம், அவ்வளவுதான்.

வெளியேறும் வழி இன்னொரு பலவீனம். மாதம் 4,000 ரூபாய் வாடகையில் ஒரு அறை கிடைத்தாலும், பத்து மாத முன்பணம் என்ற வழக்கத்தில் 40,000 வேண்டும். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் முன்பணத்தை மூன்று மாத வாடகையோடு நிறுத்துகிறது. வேறு உடன்பாடு இருந்தால் அதற்கும் இடம் கொடுப்பதால் வீட்டுக்காரர் சொன்னதே சட்டம். மூன்று மாதமானாலும் 12,000. நாள்கூலியில் லாக்கரும் கணக்கும் இருந்தால் ஓராண்டில் சேரக்கூடிய தொகைதான். 1993-ல் சென்னையில் தொடங்கிய பேன்யன் அமைப்பு, மனநலம் தேறிய பெண்கள் நான்கைந்து பேரைச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் ஒன்றாகக் குடிவைத்து, உதவியாளரை அனுப்பி வைக்கும் முறையை நடத்திக் காட்டியிருக்கிறது. வேலைக்குப் போகும் நான்கு ஆண்கள் சேர்ந்து ஒரு வீடு எடுக்க அதே முறை பொருந்தும். காப்பக மேலாளர் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்ற நிலையில் நிற்பவர்கள் நிறைய பேர். கடந்த ஆண்டு இங்கிருந்து எத்தனை பேர் வாடகைக்கோ வீட்டுக்கோ போனார்கள் என்று எந்தக் காப்பகத்தில் கேட்டாலும் சட்டென்று பதில் வர வேண்டும். தங்கியவர் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் அந்த வேலை அங்கே நடக்கவில்லை என்று பொருள்.

கொடுக்க நினைப்பவர்களுக்கு: பிறந்தநாள் பிரியாணியும் பழைய துணி மூட்டையும் வேண்டியதற்கு மேல் வருகின்றன. புது லுங்கி, நைட்டி, உள்ளாடை, செருப்பு, சானிட்டரி நாப்கின், நல்ல பூட்டு, இவை எப்போதும் பற்றாக்குறை. பணமாகத் தருவதென்றால் மாற்றுக் காப்பாளருக்கு வாரம் மூன்று ஷிஃப்ட் சம்பளம் என்று எழுதிக் கொடுங்கள். நேரம் இருப்பவர்கள் வாரத்தில் ஒரு வேலை நாளில் காலை ஒன்பது மணிக்குப் போய், ஒருவரை ஆதார் மையத்துக்கோ வங்கிக்கோ கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். அன்றைய கூலியை அவர் இழப்பார். அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.